ஏப்ரல் 8, மாலை ஐந்தரை மணி: போஸ்ட்கிரெஸ் 17, 18 பற்றி ஒரு திருப்பூர்ப் பயனரின் மதிப்புரை

தரவுத்தளங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளந்து காட்டுவார்கள். எனக்கு வேகம் இரண்டாம் பட்சம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 17-ம் பதிப்பை ஒரு வருடமும் அதற்குப் பிறகு 18-ஐயும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் எழுத வந்தது அதன் தேதிகளைப் பற்றி. எந்த நாளோடு புது வசதி சேர்ப்பதை நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகு ஐந்து மாதம் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி. ஃபீச்சர் ஃப்ரீஸ் என்று அவர்கள் சொல்லும் அந்த நாள்தான் இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த அம்சம்.

திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். இப்போது ஏழு பட்டறைகள். எந்த லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி) எந்த மெஷினில் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது இறங்கியது, எந்தப் பார்ட்டியின் துணி, எத்தனை கிலோ, சலான், பில் எல்லாம் போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. பட்டறைக்கு ஒரு டெபியன் லினக்ஸ் கணினி. அது நின்றால் கேட்டில் வண்டி நிற்கும்.

வண்டி நிற்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு இதில் இரண்டு பட்டறைகள் வேறொரு பேக்கேஜில் கணக்கு வைத்திருந்தன, பெயர் வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. மார்ச் 30 இரவு ஒரு அப்டேட் வந்தது. நிதியாண்டு முடிய ஒரு நாள்தான் பாக்கி. பழைய பிழைகளைச் சரிசெய்திருப்பார்கள் என்று நம்பி ஏற்றினோம். உள்ளே புதிதாக ஒரு ஸ்டாக் மாட்யூல் இருந்தது. ஏப்ரல் 2 காலை ஏழு மணி, நாற்பது ரோல் துணி வண்டியில் ஏற்றியாயிற்று, சலான் பிரிண்ட் ஆகவில்லை. சலான் எண் வரிசையைப் புது மாட்யூல் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை முதலாளியே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் எழுதும் பழைய சலான் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நிறுவனத்துக்கு போன் செய்து கேட்டேன். "ஒரு கஸ்டமர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்க மேடம், இயர் எண்டுக்குள்ள குடுத்துடலாம்னு போட்டுட்டோம்" என்றார்கள். எந்த நாளுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்க மாட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை.

போஸ்ட்கிரெஸிடம் அந்தக் கேள்விக்குத் தேதியும் மணியும் போட்டே பதில் உண்டு. ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று வருடத்துக்கு ஐந்து கமிட்ஃபெஸ்ட் நடத்துகிறார்கள். வந்து சேர்ந்த நிரல் மாற்றங்களை ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்லி, திருத்தி, ஏற்றுக்கொள்ளவோ தள்ளிவைக்கவோ செய்கிற மாதங்கள் அவை. பெரிய மாற்றம் எதுவும் முதல்முறையாக மார்ச்சில் தலைகாட்டக் கூடாது என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கம். மார்ச் முடிந்து ஏப்ரல் முதல் வாரத்தோடு ஃப்ரீஸ். அந்த வருட வெளியீட்டைக் கவனிக்க ஒரு சிறு குழுவை அமர்த்தி, அவர்கள் நாளைக் குறிக்கிறார்கள். 17-க்குக் குறித்தது 2024 ஏப்ரல் 8 நள்ளிரவு 0 மணி, அதுவும் பூமியில் கடைசியாக நாள் பிறக்கும் இடத்தின் கணக்கில். உலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும் அந்த மண்டலத்தில் ஆள் இல்லாத இரண்டு சின்னத் தீவுகள்தான் இருக்கின்றன. யாரும் "எங்கள் ஊரில் இன்னும் ஏழாம் தேதிதான்" என்று சொல்ல முடியாது. நம் கணக்கில் அது திங்கட்கிழமை மாலை ஐந்தரை. பகல் ஷிப்டு முடிகிற நேரம்.

அதன் பிறகு பிழைதிருத்தம் மட்டும். மே 23 பீட்டா என்ற சோதனைப் பதிப்பு, செப்டம்பர் 26 வெளியீடு. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் பராமரிப்பு. சின்னத் திருத்தங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமை வரும். அந்த நான்கு வியாழன்களையும் தினசரி காலண்டரில் பொங்கல், தீபாவளி மாதிரி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது நல்ல ஒழுங்கு, அவ்வளவுதான். ஒழுங்காகத் தேதி போடுகிற திட்டங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு நம்பிக்கை வந்தது வேறு ஒரு சம்பவத்தில், அதுவும் ஆசைப்பட்டது கிடைக்காமல் போனதால்.

சாயப்பட்டறையில் அடிப்படை விதி ஒன்று உண்டு. ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் இரண்டு லாட் இருக்க முடியாது. எட்டாம் நம்பர் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் காலை 10:40 முதல் மாலை 5:20 வரை நேவி ப்ளூ ஓடுகிறது என்றால் அந்த இடைவெளிக்குள் வேறு எதுவும் புகக் கூடாது. இதைத் தரவுத்தளமே தடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒன்றோடொன்று மோதும் வரிசைகளை மறுக்கும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற பழைய வழி உண்டு, அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் தரவுத்தளங்களின் பொது மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் இதற்கென்றே இருக்கும் வழி, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலேயே 'வித்தவுட் ஓவர்லாப்ஸ்' என்று எழுதிவிடுவது. அது 2024 ஜனவரியில் 17-க்கான நிரலில் ஏறிவிட்டது. பார்த்ததும் சந்தோஷம். ஏழு பட்டறைக்கும் எப்படி மாற்றுவது என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

மே 16 அன்று அதை எடுத்துவிட்டார்கள். பீட்டாவுக்கு ஒரு வாரம் முன்பு, நான்கு மாதம் உள்ளே இருந்த வசதியை, மொத்தமாக.

முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு காரணத்தைப் படித்தேன். சிக்கல் காலி இடைவெளியில். தொடக்கமும் முடிவும் ஒரே நிமிடமாக இருந்தால், 10:40 முதல் 10:40 வரை என்றால், போஸ்ட்கிரெஸ் அதை 'காலி' என்று எடுத்துக்கொள்கிறது. காலியானது எதோடும் மோதாது. ஆகவே ஒரே மெஷின், ஒரே காலி நேரம் என்று அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வரிசைகள் உள்ளே போய்விடும். முதன்மைச் சாவி என்று பெயர் வைத்துவிட்டு இரட்டையை அனுமதித்தால் அதை நம்பிக் கணக்குப் போடும் மற்ற பகுதிகளும் தப்பாகப் போகும். ஃப்ரீஸுக்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்த்த கண்களுக்குத்தான் இது முழுசாகத் தெரிந்திருக்கிறது. அவசரமாகத் திருத்த முயன்று, அது சரிவராது என்று தெரிந்ததும், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதே ஓட்டை நான் வைத்திருக்கும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்டிலும் இருந்தாக வேண்டுமே? அன்று இரவே ஏழு பட்டறைத் தரவிலும் தேடினேன். 23 வரிசைகள். எல்லாம் காலி.

இன்னும் மோசமான விஷயம், காலி என்று சேமிக்கும்போது 10:40 என்ற அந்த நேரமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. தொடக்கம் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். எனக்கு உடனே டையிங் மாஸ்டர் ஞாபகம் வந்தார். முப்பது வருடம் சாயத்திலேயே கழித்தவர். அதற்கு முந்தைய வருடம் அவர் என்னிடம் சொன்னது: "அம்மிணி, அன்னைக்கு எட்டாம் நம்பர்ல லாட் ஏத்தி, கரண்ட் போயி, உடனே எறக்கிட்டேன். ஏத்துனேன்னு நல்லா நெனவிருக்குது. சார்ட்டுல காணமே?" அவர் பதிய மறந்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். அவர் பதிந்திருக்கிறார். ஏற்றியதும் இறக்கியதும் ஒரே நிமிடத்தில் விழுந்ததால் என் மென்பொருள் அதைக் காலியாக்கி, சார்ட்டிலிருந்து மறைத்துவிட்டது. மறுநாள் நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க அம்மிணி, நான் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

காலி இடைவெளியை மறுக்கும் ஒரு வரிச் சோதனையை ஏழு இடத்திலும் அன்றே சேர்த்தேன். கிடைக்காமல் போன ஒரு வசதி, அதை ஏன் எடுத்தோம் என்று எழுதிவைத்த நாலு வரியால், கிடைத்த எத்தனையோ வசதிகளைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மாஸ்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஷேடு சரியில்லை என்றால் பார்ட்டி போனில் கத்தினாலும் லாட்டை வெளியே விட மாட்டார். துணியில் ஏறிய சாயத்தை எடுப்பது ஏற்றுவதைவிடக் கஷ்டம், செலவு, துணியும் நைந்துபோகும். இருந்தும் எடுப்பார். ஃப்ரீஸ் என்பது மெஷினின் மூடியைப் போடுவது. அதோடு வேலை முடியாது. மூடி போட்ட பிறகு சாம்பிள் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதும், தப்பு என்றால் திரும்பச் செய்வதும் உண்டு. அந்தத் தைரியம் இல்லாதவர்கள் தேதி மட்டும் குறித்து என்ன பயன்?

அந்தத் தைரியம் போஸ்ட்கிரெஸுக்குப் புதிதல்ல. வரிசை இருந்தால் திருத்தி, இல்லாவிட்டால் சேர்க்கும் மெர்ஜ் கட்டளை 2018 ஏப்ரலில் 11-ம் பதிப்புக்காக ஏறி, அதே மாதம் இறங்கியது. திரும்பி வந்தது 2022 அக்டோபரில், 15-ல். ஜேசன்_டேபிள் கதை எனக்கு இன்னும் நெருக்கம். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. என் பட்டறைகளில் மூன்று அதற்குள் வந்தன. இ-இன்வாய்ஸ் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் இருக்கும், அதில் ஒரு பில்லுக்குள் பத்து, பதினைந்து உருப்படிகள் அடுக்கடுக்காக இருக்கும். அதைப் பிரித்து அட்டவணையாக்க நான் எழுதியிருந்த கட்டளை முக்கால் பக்கம் நீளம். ஜேசன்_டேபிள் இருந்தால் பத்து வரி. அது 15-ன் பீட்டாவில் இருந்தது, ஆசையாகச் சோதித்தும் பார்த்தேன். 2022 செப்டம்பரில், வெளியீட்டுக்கு ஆறு வாரமே இருந்தபோது, பிழைகளைக் கையாளும் விதம் சரியில்லை என்று எடுத்துவிட்டார்கள். 17-ல் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்தேன், வந்தது முதல் ஒருநாளும் அது என்னைக் கைவிடவில்லை.

17-ல் வேறென்ன நன்றாக இருக்கிறது என்றால், மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப். தினமும் இரவு முழுப் பேக்கப் ஓடி டிஸ்க் நிறைகிற தொல்லை தீர்ந்தது. வேண்டாத பழைய வரிசைகளைத் துடைக்கும் வேக்கம் முன்னைவிடக் குறைந்த மெமரியில் முடிகிறது, என் பழைய பெட்டிகளுக்கு அது பெரிய விஷயம்.

இனி குறை.

ஏப்ரல் முதல் வார நெரிசல். வருடத்துக்கு ஒரே வெளியீடு என்பதால் அன்றைய கதவைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். லினக்ஸின் மையநிரலான கெர்னலில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. இரண்டு வாரம் புதியவற்றை வாங்கிக்கொண்டு மூடிவிடுவார்கள். பஸ் போனால் அடுத்த பஸ் இரண்டு மாதத்தில் என்று அங்கே ஒருவர் நிதானமாக இருக்க முடியும். இங்கே அது முடியாது. அதனால் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் அடித்துப் பிடித்து நிரல்கள் ஏறுகின்றன. பெரிய அட்டவணையின் துண்டுகளான பார்ட்டிஷன்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் ஒரு வசதி 17-க்காக அந்தக் கடைசி வார இறுதியில்தான் ஏறியது. பாதுகாப்புக் குறை தெரிந்து ஆகஸ்டில் இறக்கினார்கள். பீட்டாக்கள் எல்லாம் அதோடுதான் போயிருந்தன. அதை வைத்துச் சோதனை செய்தவர்களின் உழைப்பு வீண். நம் பக்கத்தில் மார்ச் 31 இரவு பில் போடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டாம். கடைசிப் பத்து நாளில் பெரிய மாற்றங்களை ஏற்பதில்லை என்று அவர்களே இன்னொரு உள்கோடு போட்டுக்கொண்டால் நல்லது. டெபியன்காரர்கள் ஃப்ரீஸை ஒரே நாளில் வைக்காமல் படிப்படியாக இறுக்கிக்கொண்டே போகிறார்கள். 12-ம் பதிப்புக்கு 2023 ஜனவரியில் தொடங்கி ஜூன் 10 வெளியீடு வரை அப்படித்தான் இறுக்கினார்கள்.

அந்த நெரிசலான நாட்களில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் கடைசி வாரம். 17-ன் ஃப்ரீஸுக்குப் பத்து நாள் சொச்சம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் நிரலில் மாற்றங்களை ஏற்ற உரிமையுள்ள கமிட்டர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் தன் டெபியன் கணினியில் நுண்ணிய வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன்பு போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனையில் பார்த்த விநோதமான எச்சரிக்கை ஒன்றும் நினைவுக்கு வந்தது. தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலில் ஒளித்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்து 29-ம் தேதி வெள்ளிக்கிழமை உலகத்துக்குச் சொன்னார். அதை வைத்த ஆள், ஃபெடோரா 40, உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வெளியீடுகளில் அந்தப் பதிப்பு ஏறிவிட வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருந்திருக்கிறான். கதவு மூடும் நேரத்து அவசரம் கெட்டவனுக்கும் வசதி. உபுண்டு அந்தப் பின்வாசல் நுழைந்த பிறகு கட்டியவற்றையெல்லாம் மறுபடி கட்டியெழுப்ப வேண்டி வந்து, பீட்டாவை ஏப்ரல் 4-லிருந்து 11-க்குத் தள்ளியது. தேதியைவிடச் சரக்கு முக்கியம் என்று நினைக்கிறவர்கள் அங்கேயும் இருந்தது நமக்கு நல்லதாயிற்று.

இன்னொரு சின்னக் குறை. செப்டம்பர் வெளியீடும் டெபியனின் காலக்கணக்கும் ஒத்துப்போவதில்லை. 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-ல் இருப்பது போஸ்ட்கிரெஸ் 17. ஏழு வாரத்துக்குள் 18 வந்துவிட்டது. புதியது வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் திட்டமே நடத்தும் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். வெளியீட்டு நாளன்றே ஏற்றாதீர்கள். 17.1 2024 நவம்பர் 14-ல் வந்தது, அதில் சில நீட்சிகள் உடைந்தன, ஒரே வாரத்தில் 17.2 வந்து சரிசெய்தது. என் வழக்கம் நவம்பர் வியாழன் கழிந்து இரண்டு வாரம்.

18 வந்தது 2025 செப்டம்பர் 25-ல். 17-ல் இறக்கப்பட்டவற்றில் மூன்றை நான் கவனித்து வைத்திருந்தேன், மூன்றும் திரும்ப வந்திருக்கின்றன (மேலே சொன்ன பார்ட்டிஷன் வசதி அந்த மூன்றில் இல்லை). அதில் என்னுடையதும் ஒன்று. இந்த முறை வித்தவுட் ஓவர்லாப்ஸ் காலி இடைவெளியை உள்ளேயே விடுவதில்லை. மேம்படுத்தும்போது ஒரே இடத்தில் தடுக்கினேன்: 18-ல் தரவு கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் செக்சம் இயல்பாகவே இயங்குகிறது, என் பழைய கிளஸ்டர்களில் (ஒரு பெட்டியிலுள்ள தரவுத்தளத் தொகுதிகளில்) அது இல்லை, இரண்டும் பொருந்தவில்லை என்று மேம்படுத்தும் கருவி நின்றுவிட்டது. பட்டறை நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கிளஸ்டரில் செக்சத்தை இயக்கிவிட்டு மறுபடி செய்தேன், போயிற்று. முன்பெல்லாம் மேம்படுத்திய மறுநாள் காலை, தேடும் வழியைத் தீர்மானிக்க தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரம் இல்லாமல் எல்லாம் ஊர்ந்து போகும்; 18 அதையும் கூடவே எடுத்து வந்துவிடுகிறது. திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சலான் வழக்கம்போல வந்தது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரையைக் குறைத்தது ஏப்ரல் முதல் வாரத்துக்காக.

விலை இல்லாத பொருள் இது. கொடுக்க முடிந்தது பீட்டா மாதங்களில் கொஞ்சம் நேரம். மே மாதம் பீட்டா வந்ததும் வருகிற முதல் ஞாயிறு, பார்ட்டி பெயர்களை மாற்றிய ஒரு பிரதியை அதில் ஏற்றி, ஒரு வருடத்துச் சலான்களையும் மெஷின் சார்ட்டையும் மறுபடி ஓட்டுகிறேன். ஏதாவது வித்தியாசமாக வந்தால் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பிரதியில் 23 காலி வரிசைகளை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். 18-ன் பீட்டாவில் புதுச் சாவியைப் போட முயன்றதும் முதல் காலி வரிசையிலேயே பிழை சொல்லி நின்றது. அந்தத் திரையை போனில் படம் எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன்.